குமிழி பார்க்கும் திம்மராயன்

என் அக்காவின் கணவர் திம்மராயன் செய்யும் வேலையை ஜெர்மனியில் யாருக்காவது விளக்க வேண்டி வந்தால் நான் இப்படித்தான் சொல்வேன்: காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு மணி வரை அவர் பெட்ரோல் டேங்குகளைத் தண்ணீரில் முக்குகிறார். ஓசூர் சிப்காட்டில் மோட்டார் சைக்கிள்களுக்கு டேங்க் செய்து தரும் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு லீக் டெஸ்ட் வேலை. வெல்டிங் முடிந்த டேங்க் அவர் கைக்கு வரும். அதன் வாய்களை அடைத்து, உள்ளே காற்றை அழுத்தி ஏற்றி, கண்ணாடிச் சுவர் வைத்த தொட்டிக்குள் இறக்குவார். முப்பது வினாடி பார்ப்பார். குமிழி வந்தால் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். வராவிட்டால் பச்சை ஸ்டிக்கர். இருபத்தாறு வருடங்களாக இதுதான்.

வீட்டிலும் அதே கண். குக்கரில் கேஸ்கெட்டைச் சுற்றி ஈரம் தெரிந்தால் சாப்பாடு தட்டிலேயே இருக்கும், அவர் எழுந்து போயிருப்பார். கேஸ் சிலிண்டர் மாற்றும்போது சோப்பு நுரை தடவிப் பார்க்காமல் அடுப்பைப் பற்றவைக்க விடமாட்டார். இத்தனை வருடங்களில் செல்வம்மாள் அக்காவுக்கும் அந்தப் பாடம் மனதில் பதிந்துவிட்டது. குமிழி வந்தால் கெட்டது, வராவிட்டால் நல்லது.

அவர் வீட்டுப் பேச்சு கன்னடம். கெலமங்கலத்தில் எங்கள் தெருவுக்குக் குடிவந்த பிறகு எல்லாம் தமிழாகிவிட்டது, எண்ணுவதைத் தவிர. டேங்கை முக்கிவிட்டு "ஒந்து, எரடு, மூரு" என்றுதான் எண்ணுவார். அப்பா கர்நாடக எல்லைக்குள் அத்திப்பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் நான் ஐந்தாவது வரை கன்னடத்தில் படித்தவள், அதற்குப் பிறகு தமிழில். அதனால் அவருக்கும் எனக்கும் எப்போதும் பேச்சு ஒத்துப்போகும். வம்பு தொடங்கியதும் அப்படித்தான்.

நான் இருக்கும் கீல் நகரம் கடலோரம். அருகில் லாபோ என்ற ஊரில் இரண்டாம் உலகப் போர்க்கால நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றைக் கரையில் ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள். மூன்று வருடங்களுக்கு முன் அதன் முன்னால் நின்று படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். அக்கா என் ஸ்வெட்டரைப் பற்றிக் கேட்டாள். மாமா மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் ஒரு குரல் செய்தி அனுப்பினார்.

"பிரியா, இது சரி. இவ்ளோ பெருசா ஆகறதுக்கு முன்னாடி மொதல்ல செஞ்சவன் எப்படிச் செஞ்சான்? உள்ள போறதுக்கு முன்னாடி எப்படி டெஸ்ட் பண்ணான்?"

எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. அதுதான் நான் செய்த முதல் தவறு. நூலகத்தில் படித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குச் சொல்ல ஆரம்பித்தேன். அமெரிக்கா விடுதலைக்காகப் போரிட்டபோது ஓக் மரத்தில் செய்த 'ஆமை' என்ற படகைப் பற்றிச் சொன்னேன். இரண்டு ஆமை ஓடுகளைச் சேர்த்து நிறுத்தியதுபோல் இருக்கும். உள்ளே ஒரே ஆள். காலால் ஒரு வால்வை மிதித்தால் தண்ணீர் உள்ளே வந்து படகு இறங்கும். கைப் பம்பால் வெளியேற்றினால் ஏறும். அவசரத்துக்கு அடியில் ஒரு ஈயக்கட்டி, உள்ளிருந்தே கழற்றி விடலாம். ஆங்கிலேயர் கப்பலுக்கு அடியில் வெடி வைக்கப் போனது, வைக்க முடியாமல் திரும்பி வந்தது.

மாமாவுக்கு வெடியைப் பற்றி அக்கறை இல்லை. பம்பு எத்தனை அங்குலம் என்று கேட்டார்.

பிறகு எங்கள் கீல் நகரத்துக் கதை. அதைத்தான் அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். 1850-இல் டென்மார்க் கடற்படை துறைமுகத்தை அடைத்து நின்றபோது, வில்ஹெல்ம் பௌவர் என்ற பீரங்கிப்படைக் கார்ப்பொரல் இரும்பில் ஒரு முழுகும் படகு கட்டினார். அவர் கடைசல் தொழில் கற்றவர். கையில் பணம் போதாததால் தகட்டின் தடிமனைக் குறைத்தார்கள். இறங்குவதற்கான தண்ணீரைத் தனித் தொட்டிகளில் ஏற்றாமல் படகின் அடித்தளத்திலேயே விட்டார்கள். 1851 பிப்ரவரியில் மூன்று பேர் உள்ளே இருந்தபடி இறங்கியபோது அந்தத் தண்ணீர் மொத்தமும் பின்பக்கம் ஓடியது. படகு வால் கீழாகச் சாய்ந்து தரையில் போய் உட்கார்ந்தது.

"டேங்கர் லாரி மாதிரி" என்றார் மாமா. "பாதித் தண்ணி இருந்தாத்தான் லாரி ஆடும். ரொம்பியிருந்தா ஆடாது, காலியா இருந்தாலும் ஆடாது. சூளகிரி ஏத்தத்துல பாத்திருக்கறன்."

சரியாக அதையேதான் அடுத்த அரை நூற்றாண்டு முழுக்கப் பலர் உயிரைக் கொடுத்துக் கண்டுபிடித்தார்கள் என்று நான் சொன்னேன். ஹாலந்து என்ற முன்னாள் பள்ளி ஆசிரியரின் படகில் பெரிய தொட்டிகளை விளிம்பு வரை நிரப்பிவிடுவார்கள், தண்ணீர் ஆட இடமே இராது. அமெரிக்கக் கடற்படை 1900-இல் அந்தப் படகை வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். மாமா தொட்டிகள் எங்கெங்கே இருந்தன என்று கேட்டார். அவர் எதையோ மனதில் வரைந்துகொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

போன டிசம்பரில் அக்கா போன் செய்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"கடலே இல்லாத ஊர்ல கப்பல் செஞ்சிக்கினு இருக்கறாருடி உங்க மாமா. பொம்மைன்னு நெனச்சன். உள்ள சைக்கிள் சீட்டு வச்சிருக்கறாரு. யாரு உக்காரன்னு கேட்டா சிரிக்கறாரு. நீதான ஆரம்பிச்ச, நீயே வந்து நிறுத்து."

பொங்கலுக்கு வருவதாக இருந்த டிக்கெட்டை ஒரு வாரம் முன்னால் மாற்றிக்கொண்டு வந்தேன். விமானத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. கருங்கல் வெட்டிவிட்டுப்போன பள்ளங்களில் மூழ்கிச் செத்தவர்களைப் பற்றி எங்கள் பக்கத்துச் செய்திகளில் வருடத்துக்கு நான்கு முறையாவது படிக்கிறேன். தொலைவில் இருப்பவர்களுக்கு ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு செய்தியும் தன் வீட்டைச் சுற்றித்தான் நடப்பதாகத் தோன்றும்.

தகர ஷெட்டில் அது நின்றது. பழைய இரும்புக் கடையில் வாங்கிய ஏர் கம்ப்ரஸர் உருளை. எட்டடி நீளம், மூன்றடி விட்டம். மேலே ஒரு குட்டைக் கழுத்து, அதில் வட்ட மூடி. உள்ளே உட்கார்ந்து பெடல் மிதித்தால் செயின் வழியாகப் பின்னால் விசிறி சுற்றும். அதன் தண்டு உருளையைத் துளைத்து வெளியே போகும் இடத்தில் ஸ்கூட்டருக்குப் போடும் ஆயில் சீல், தண்ணீர் நுழையாமல் இருப்பதற்காக. முன்னும் பின்னும் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள், அவற்றுக்குள் வெளித் தண்ணீரை விட ஒரு வால்வு, நடுவில் பலகைத் தளம். அடியில் அறுபது கிலோ கருங்கல் பலகை ஒன்று போல்ட்டில் தொங்கியது. 'ஆமை'யின் ஈயக்கட்டி ஓசூரில் கிரானைட் ஆகியிருந்தது.

நான் செத்தவர்களின் பட்டியலோடு வந்திருந்தேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் எட்டுப் பேர் கையால் சுற்றி ஓட்டிய ஹன்லி என்ற படகு சோதனையிலேயே இரண்டு முறை மூழ்கிப் பதின்மூன்று பேரைக் கொன்றது என்றேன். மூன்றாவது முறை எதிரிக் கப்பலை மூழ்கடித்துவிட்டுத் தானும் திரும்பவில்லை என்றேன். அந்தப் படகின் தொட்டிச் சுவர்கள் கூரைவரை போகாமல் மேலே திறந்திருந்ததால் தண்ணீர் வழிந்து ஆட்கள் பக்கம் வந்துவிடும் என்றும் சொல்லித் தொலைத்தேன்.

மாமா டார்ச்சை உள்ளே அடித்துக் காட்டினார். தொட்டிகளின் மேல்பக்கம் தகடு வைத்து முழுக்க வெல்டிங் செய்திருந்தது.

நான் சொன்ன ஒவ்வொரு சாவுக்கும் அவரிடம் ஒரு போல்ட் இருந்தது, ஒரு தகடு இருந்தது. பயமுறுத்தத்தான் நான் பேசினேன். அவர் அதை ஒரு செக் லிஸ்ட்டாக எழுதி ஷெட்டின் சுவரில் ஒட்டியிருந்தார்.

"டெஸ்ட் பண்ணீங்களா மாமா?"

"மூணு தடவ. உள்ள காத்து ஏத்தி, சுத்தி சோப்புத் தண்ணி ஊத்தி. ஒரு குமிழி இல்ல." டார்ச்சை அணைத்துவிட்டுத் தானாகவே சொன்னார்: "இருபத்தாறு வருஷமா வெளிய நின்னு பாக்கறன் பிரியா. உள்ள எப்படி இருக்கும்னு அந்த டேங்குக்குத்தான் தெரியும். ஒரே ஒரு தடவ."

அக்காவிடமும் இதையேதான் சொல்லியிருப்பார். அதனால்தான் அவள் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நிறுத்த வந்தவள் நிபந்தனை போடுபவளாக மாறினேன். முதலில் ஆள் இல்லாமல் முக்க வேண்டும். படகில் கயிறு கட்டி, அதன் மறுமுனை டிராக்டரில் இருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் கூடாது. உள்ளே சுத்தியல், நிமிடத்துக்கு ஒரு தட்டு என்றால் எல்லாம் சரி, மூன்று தட்டு என்றால் இழு. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

போகிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை சென்னப்பனின் பள்ளத்துக்குப் போனோம். சென்னப்பன், மாமாவோடு பள்ளியில் படித்தவர். அவருடைய பட்டா நிலத்தில் கல் எடுத்துவிட்டு விட்டுப்போன குழி அது. மூன்று பக்கமும் செங்குத்துச் சுவர். நான்காவது பக்கம் பெரிய பெரிய படிகளாக வெட்டியிருந்தது. முதல் படி இடுப்பளவுத் தண்ணீரில் இருந்தது. இரண்டாவது படி பதினைந்தடி ஆழத்தில். அதற்கும் கீழே எவ்வளவு என்று சென்னப்பனுக்கே தெரியாது.

"ராகிக்குப் பாய்ச்சத் தண்ணி இல்ல, ரெண்டு போர் போட்டும் காத்துதான் வருது. உங்க மாமாவுக்கு முழுகறதுக்கு மட்டும் இவ்ளோ வச்சிருக்கறன் பாரும்மா" என்றார் என்னிடம். நீச்சல் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். எங்களில் நீந்தத் தெரிந்தவர்கள் மாமாவும் நானும்தான். மாமா உள்ளே இருக்கப் போகிறார். நான் கீலில் நாற்பது வயதில் சூடான நீச்சல்குளத்தில் கற்றுக்கொண்டவள். காற்றடைத்த லாரி ட்யூப் இரண்டைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, கையோடு பிடித்துக்கொண்டேன்.

முதல் படிக்கு அப்பால், கயிற்றில் பிடித்தபடி, ஆள் இல்லாமல் முக்கினோம். மாமாவின் எடைக்கு மணல் மூட்டை. மூடிக்கு மேல் ஒரு முழத் தண்ணீர். அரைமணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தால் உள்ளே பலகை காய்ந்து கிடந்தது. ஒரு குமிழி இல்லை. எனக்கே கொஞ்சம் தைரியம் வந்தது. அக்கா எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, மூடிக்குக் குங்குமம் வைத்தாள். வேண்டாம் என்று மூன்று வாரம் சண்டை போட்டவள்தான்; போகிறார் என்று ஆனபிறகு பூஜை இல்லாமல் அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

"பத்து நிமிஷம்" என்றாள். "பதினொண்ணாவது நிமிஷம் நான் டிராக்டர் ஏறுவன்."

"உனக்கு கியர் போடத் தெரியாது."

"அதனாலதான் சொல்றன். எங்க போய் நிக்கும்னு எனக்கே தெரியாது."

அவர் சிரித்துக்கொண்டே இறங்கி மூடியை உள்ளிருந்து திருகினார். தொட்டிகளில் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. படகு முதல் படியைத் தாண்டி, கயிறு நீள நீள, இரண்டாவது படியை நோக்கி மெதுவாக இறங்கியது. பச்சைத் தண்ணீரில் இரும்பின் நிறம் கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

ஒரு தட்டு. மணி பத்து நாற்பத்திரண்டு.

கல்சுவரில் பட்டு வந்ததால் அந்தத் தட்டு நான்கு பக்கத்திலிருந்தும் கேட்டது. அடுத்த நிமிடம் இன்னொன்று. மூன்றாவது, நான்காவது. பெடல் மிதிக்கிறார் போலும், கயிறு லேசாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. சென்னப்பன் பீடி பற்றவைத்தார். எட்டாவது தட்டு கொஞ்சம் தாமதமாக வந்தது. ஒன்பதாவது வரவில்லை. அடிக்கடி போனைப் பார்க்கிறேன் என்று என்னை நானே திட்டிக்கொண்டிருந்தபோது மூன்று தட்டுகள் சேர்ந்தாற்போல் கேட்டன.

சென்னப்பன் டிராக்டரில் இருந்தார். நான் கை காட்டும் முன்பே கிளப்பிவிட்டார். கயிறு விறைத்தது, தண்ணீர் சொட்டியது, கொஞ்ச தூரம் வந்தது. பிறகு நின்றது. டிராக்டரின் பின்சக்கரம் மண்ணைத் தோண்டியது. கயிறு முதல் படியின் விளிம்பில் உரசி நாராகப் பிரியத் தொடங்குவதைப் பார்த்தேன். படகின் மூக்கு முதல் படிக்குக் கீழே கல்லில் முட்டியிருக்க வேண்டும். இழுத்தால் வராது, கயிறு அறுந்தால் படகு வழுக்கி, யாரும் அளக்காத ஆழத்துக்குப் போகும்.

"இழுக்காதீங்க" என்றேன். "விட்டுடவும் வேணாம். அப்படியே புடிங்க."

அவர் அப்படியே பிடித்தார்.

அப்போது கீழே இன்னொரு தட்டுக் கேட்டது. ஒன்றே ஒன்று. எல்லாம் சரி என்பதற்கு நாங்கள் வைத்த குறி. இழு என்று சொன்னவர் ஏன் எல்லாம் சரி என்கிறார்? எனக்குப் புரியவில்லை. அதற்குப் பிறகு தட்டே இல்லை.

அக்கா முதல் படியில் புடவையோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நின்றிருந்தாள். குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குமிழி வரல பிரியா. ஒண்ணுகூட வரல. அப்ப ஓட்ட இல்லதான?"

ஆமாம் என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். அந்த நிமிடத்தில் எனக்கிருந்த ஒரே ஆறுதல் அதுதான்: தண்ணீர் கண்ணாடிபோல் அசையாமல் கிடந்தது. டேங்க் முழுதாக இருக்கிறது, பச்சை ஸ்டிக்கர் ஒட்டலாம், ஏதோ செயின் சிக்கியிருக்கும். இரண்டு நிமிடம் இப்படியே நின்றோம்.

பிறகுதான் அது என் மண்டையில் உறைத்தது. டேங்குக்குள் காற்றை அழுத்தி வைத்திருப்பதால்தான் ஓட்டை வழியாகக் குமிழி வெளியே வருகிறது. இங்கே அழுத்துவது வெளியே இருக்கும் தண்ணீர். ஓட்டை இருந்தால் தண்ணீர் உள்ளேதான் போகும், சத்தமில்லாமல். குமிழி ஏன் வரப்போகிறது? குமிழி இல்லை என்பதற்கு இங்கே எந்த அர்த்தமும் இல்லை. அவர் மூழ்கிக்கொண்டிருந்தாலும் தண்ணீர் இப்படித்தான் கண்ணாடிபோல் கிடக்கும்.

அக்காவிடம் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றினேன். லாரி ட்யூப்பை அவள் பக்கம் தள்ளிவிட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். போய் என்ன செய்வேன் என்று யோசிக்கவில்லை. பதினைந்தடித் தண்ணீர் அந்த மூடியை அரை டன்னுக்கு மேல் அழுத்திக்கொண்டிருக்கும். கணக்கு எனக்குத் தெரியும், அவருக்கு நானேதான் சொல்லியிருந்தேன்.

தண்ணீர் கொதித்தது. அப்படித்தான் தெரிந்தது. எங்களுக்கு நான்கடி தள்ளி ஒரு பெரிய குமிழி, தவலை அளவு, வெடித்துப் பரவியது. பின்னாலேயே நூறு குமிழிகள். அக்கா அலறிவிட்டாள். அவள் வாழ்நாளில் பார்த்த எல்லா ஓட்டைகளும் ஒன்றாகச் சேர்ந்து அவள் கண்முன் திறந்துகொண்டன.

அந்தக் குமிழிகளின் நடுவிலிருந்து மாமாவின் வழுக்கைத் தலை மேலே வந்தது.

இருமினார். லாரி ட்யூப்பைத் தொட இரண்டு முறை கையை வீசினார், மூன்றாவது முறை பிடித்துக்கொண்டார். நானும் அக்காவும் ஆளுக்கொரு கையைப் பிடித்துப் படியில் ஏற்றினோம். அக்கா அவர் தலையைத் துடைத்தாள், முகத்தைத் துடைத்தாள், மறுபடி தலையைத் துடைத்தாள். அவள் புடவையும் நனைந்திருந்ததால் ஒன்றும் துடைபடவில்லை. சென்னப்பன் டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, யாரையும் பார்க்காமல், பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தார். "போயிட்டன்னு நெனச்சன்டா" என்றார்.

வெயிலில் சூடேறியிருந்த கல்லில் படுத்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதுகுக்குக் கீழே அந்தச் சூடும், மேலே மாமா இருமும் சத்தமும் போதுமாக இருந்தது. அந்த இருமல் நிற்கவே வேண்டாம் என்றுகூட இருந்தது.

கொஞ்சம் ஆறியபிறகு அவர் நடந்ததைச் சொன்னார். ஏழு நிமிடம் வரைக்கும் எல்லாம் அருமையாக இருந்ததாம். செயின் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. பின்பக்கம் சாய்வது தெரிந்ததும் பலகைக்குக் கீழே கை விட்டுப் பார்த்தார். பாதிக் குடம் இல்லை, நான்கைந்து குடம் தண்ணீர். விசிறித் தண்டைச் சுற்றிக் குளிர்ச்சியாக வந்துகொண்டிருந்தது. உடனே போல்ட்டைத் திருகிக் கருங்கல்லை விட்டார். அதற்குள் ஏறிய தண்ணீர் அந்தக் கல்லைவிட அதிகம், படகு எழும்பவில்லை. மூன்று தட்டினார். நாங்கள் இழுத்ததும் மூக்கு போய்க் கல்லில் இடித்தது.

"மூடியத் தள்ளினன். முதுகு குடுத்தும் தள்ளினன். மலை மாதிரி. அப்பத்தான் கீல்காரன் ஞாபகம் வந்தான்."

பௌவரை அவர் அப்படித்தான் சொல்வார். 1851-இல் கடலடியில் மாட்டிக்கொண்ட அந்த மூவரும் செய்தது அதுதான். மற்ற இருவரும் தண்ணீரை நிறுத்தப் பார்த்தார்கள். பௌவர் உள்ளே விடச் சொன்னார். தண்ணீர் ஏற ஏற உள்ளிருக்கும் காற்று நெரிபட்டு, வெளி அழுத்தமும் உள் அழுத்தமும் சமமாகும். அப்போது மூடி தானாகவே இளகும். அவர்கள் பல மணி நேரம் காத்திருந்து, மூவரும் உயிரோடு மேலே வந்தார்கள். உங்களுக்கு அத்தனை நேரம் காற்று இருக்காது என்று மாமாவை மிரட்டத்தான் நான் அந்தக் கதையைச் சொல்லியிருந்தேன்.

"அதனால ஒரு தட்டு தட்டினன், நீங்க இழுக்காதீங்கன்னு. வேற என்ன குறி வச்சிருந்தோம்? தொட்டிக்குத் தண்ணி போற குழாயக் கழட்டிட்டு, வால்வ முழுசாத் தொறந்தன். தண்ணி மார்பு வரைக்கும் வந்துச்சு. கையி வால்வ மூடு மூடுன்னு போகுது. அதுக்குத்தான் எண்ணினன். இன்னூரு நலவத்து வரைக்கும்."

இருநூற்று நாற்பது. நாங்கள் மேலே கண்ணாடித் தண்ணீரைப் பார்த்து ஆறுதலடைந்துகொண்டிருந்த நேரம் முழுக்க அவர் கீழே இருட்டில் கன்னடத்தில் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

அப்புறம் அவர் ஆயில் சீலைப் பற்றிச் சொன்னார். அந்த ரப்பர் வளையத்துக்கு ஒரு உதடு உண்டு. அழுத்தம் வரும் பக்கம் பார்த்து உதடு இருந்தால் அழுத்தமே அதைத் தண்டோடு ஒட்டவைக்கும். எதிர்ப்பக்கம் பார்த்திருந்தால் அழுத்தம் அதை விலக்கிவிட்டு நுழையும். அவர் உதட்டை உள்பக்கம் பார்த்துப் போட்டிருந்தார். காற்றை உள்ளே ஏற்றிச் சோதித்தபோது மூன்று முறையும் அது இறுக்கமாக ஒட்டிக்கொண்டது. ஒரு முழத் தண்ணீரிலும் தாங்கியது. பதினைந்தடியில் வழிவிட்டது.

"டேங்குல அழுத்தம் உள்ளருந்து வெளிய தள்ளும். இதுல வெளியருந்து உள்ள வருது. எனக்குத் தெரியாதா? புத்திக்குத் தெரியும் பிரியா. கையிக்குத் தெரியல."

அக்கா வேனில் ஏறும்போதுதான் வாயைத் திறந்தாள். "எழுபது கிலோ ஆளு உள்ள இருக்க, ஒத்தக் குமிழி வரலன்னு சாமிக்கு நன்றி சொல்லிக்கினு நின்னன் நான். இனிமே வீட்ல யாராவது குமிழின்னு பேசுங்க, அப்ப இருக்குது."

பொங்கல் அன்று வீட்டில் மூன்று பேருக்கு ஐந்து பேர் சாப்பாட்டைச் சமைத்து, எல்லாவற்றையும் சாப்பிட்டோம். மாமா வழக்கத்தைவிட அதிகமாகக் கரும்பு தின்றார். அவர் பல்லில் கடிக்கும் சத்தம்கூட எனக்கு அன்றைக்கு நன்றாக இருந்தது.

நான் கிளம்புவதற்கு முன்தினம் சென்னப்பன் கிரேன் கொண்டுவந்து படகை எடுத்துக் கொடுத்தார். மாமா முதல் வேலையாகச் சீலைப் பிடுங்கி, புதிதாக ஒன்றை உதடு வெளிப்பக்கம் பார்த்தபடி போட்டார். செக் லிஸ்ட்டின் கடைசியில், சிப்காட்டில் எழுதுகிற மாதிரியே, தேதியும் பெயரும் போட்டு எழுதினார்: அழுத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று முதலில் கேள். எழுதிவிட்டுத் திரும்பி, மூடி எங்கே என்று தேடினார்.

மூடி அக்காவிடம் இருந்தது. நட்டு ஒவ்வொன்றையும் தானே கழற்றி, உருட்டிக்கொண்டு போயிருக்கிறாள். கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்கு வருடக்கணக்காக மூடி சரியில்லை, தகரத்தை வைத்துக் கல் ஏற்றியிருந்தார்கள். இப்போது அதன் வாயில் நீர்மூழ்கியின் மூடி அளவெடுத்ததுபோல் உட்கார்ந்திருந்தது. அதன்மேல் வாளி, அதன்மேல் துணி.

"அது அங்கியே இருக்கட்டும்" என்றாள். மாமா வாளியையும் அவளையும் பார்த்துவிட்டு, சரி என்றார். உள்ளே எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மறுபடி கேட்கத் தோன்றவில்லை போலிருந்தது. படகு ஷெட்டில் கழுத்துத் திறந்தபடி நிற்கிறது. சைக்கிள் சீட்டில் பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கிறது என்று போன மாதம் படம் அனுப்பினார்.

நான் இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறேன். இப்போது படகுக் கதை சொல்வதில்லை. எடுத்ததும் ஒரே கேள்விதான்.

"அக்கா, மூடி இருக்கா?"

அவள் பேச்சை நிறுத்தாமலே போனைக் கொல்லைப் பக்கம் திருப்புவாள். குங்குமப் பொட்டு பாதி அழிந்த அந்த இரும்பு வட்டம், மேலே வாளி, ஓரத்தில் சோப்பு.

"இருக்குதுடி" என்பாள். "நீ சாப்ட்டியா?"